ஏழு மணிக்கு என்ன நடந்தது: எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடல் எழுதப்பட்ட கதை

1975-இல் சுப்பீரியர் ஏரியில் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பலைப் பற்றிக் கனடியப் பாடகர் கார்டன் லைட்ஃபுட் எழுதிய 'தி ரெக் ஆஃப் தி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' பாடல் ஒரு வார இதழில் வந்த கட்டுரையைப் படித்த கையோடு எழுதப்பட்டது என்கிறார்களே, அது உண்மைதானா, பாடலில் வருவதெல்லாம் நடந்தவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும் உங்கள் மனத்தில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. 29 பேர் உயிரிழந்த ஒரு விபத்தைப் பாட்டாக்கும்போது அந்தப் பாட்டை எவ்வளவு தூரம் நம்பலாம், அதில் இதழாளர் தந்தது எது, பாடகர் தாமாகச் சேர்த்தது எது என்பதுதான் அந்தக் கேள்வி. சுருக்கமான பதில் இது. கட்டுரை ஒரு தொடக்கம் மட்டுமே, மெட்டு அதற்கு முன்பே அவரிடம் இருந்தது, செய்திகளை அவர் தேடிச் சேகரித்தார், சில இடங்களில் தவறினார், சில இடங்களில் தெரிந்தே கற்பனை செய்தார். இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. பாடல் 1976-இல் எழுதி முடிக்கப்படவில்லை. 2010 வரைக்கும் அவர் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

எந்தத் தகுதியில் இதை எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. நான் இசை ஆய்வாளன் அல்லன். பல்க் கேரியர் எனப்படும் மொத்தச் சரக்குக் கப்பல்களில் 22 ஆண்டுகள் டெக் ஆபீசராகப் பணியாற்றியவன். கடைசி ஒன்பது ஆண்டுகள் சீஃப் ஆபீசராக இருந்தேன். சரக்கும், சரக்கு அறைகளின் வாய்களான ஹேட்ச்களை மூடும் கவர்களும் என் பொறுப்பில் இருந்தன. கனடாவின் தண்டர் பே துறைமுகத்தில் கோதுமை ஏற்றுவதற்காக இரண்டு முறை சுப்பீரியர் ஏரிக்குள் போயிருக்கிறேன். ஓய்வு நேரத்தில் கிட்டார் வாசிப்பதும் கதைப்பாடல்களைக் கற்றுக்கொள்வதும் இளம் வயதிலிருந்தே உள்ள பழக்கம். ஆகையால் கப்பல் பற்றிய இடங்களில் சற்று உறுதியாகவும், இசை பற்றிய இடங்களில் பழகியவன் என்ற அளவிலும் பேசுவேன். லைட்ஃபுட்டின் மனத்தில் என்ன ஓடியது என்பதில் அவர் வெளிப்படையாகச் சொன்னதைத் தாண்டிப் போக மாட்டேன்.

முதலில் கப்பல். எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1958 ஜூன் 7 அன்று மிச்சிகன் மாநிலத்து ரிவர் ரூஜில் நீரில் இறக்கப்பட்டது. 729 அடி நீளமுள்ள அது அன்றைக்கு அமெரிக்கப் பேரேரிகளிலேயே மிகப் பெரிய கப்பல். அதற்கு வைக்கப்பட்டது, அதன் உரிமையாளராக இருந்த காப்பீட்டு நிறுவனத் தலைவரின் பெயர். 1975 நவம்பர் 9 அன்று பிற்பகல் விஸ்கான்சினின் சுப்பீரியர் துறைமுகத்திலிருந்து 26,116 லாங் டன் டாகோனைட் இரும்புத்தாது உருண்டைகளுடன் டெட்ராய்ட் அருகிலுள்ள ஜக் தீவுக்குப் புறப்பட்டது. கேப்டன் எர்னஸ்ட் மெக்சோர்லி, ஏரிகளில் நெடுங்காலம் அனுபவம் பெற்றவர். பின்னாலேயே ஆர்தர் எம். ஆண்டர்சன் என்ற மற்றொரு தாதுக் கப்பல் வந்தது. மறுநாள் புயல் வலுத்தது. பிற்பகல் மூன்றரை மணியளவில் மெக்சோர்லி ஆண்டர்சனை வானொலியில் அழைத்து, கைப்பிடி வேலி ஒன்று விழுந்துவிட்டது, டெக் எனப்படும் மேல்தளத்தின் மீதிருக்கும் காற்றுக்குழாய் மூடிகள் இரண்டு போய்விட்டன, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றார். பம்புகளை ஓட்டிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அதன்பின் ரேடார்களும் செயலிழந்தன. மாலை 7:10 அளவில் ஆண்டர்சனின் அதிகாரி, உங்கள் சிக்கல்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டபோது, சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில் ஒரே வாக்கியம் பதிலாக வந்தது. அதுதான் கடைசிச் சொல். சில நிமிடங்களில் பனித்தூறல் மறைத்தது, ரேடார் திரையிலிருந்து கப்பல் காணாமல் போனது. அபாயக் குறி எதுவும் அனுப்பப்படவில்லை. ஒயிட்ஃபிஷ் விரிகுடாவின் பாதுகாப்புக்கு ஏறத்தாழ 17 மைல் தொலைவில், 530 அடி ஆழத்தில், இரண்டு துண்டாக அது கிடக்கிறது. ஒருவரும் பிழைக்கவில்லை, ஓர் உடலும் மீட்கப்படவில்லை.

இனி அந்தக் கட்டுரை. நியூஸ்வீக் இதழ் 1975 நவம்பர் 24 தேதியிட்ட பதிப்பில் இந்த விபத்தைப் பற்றி, மிகக் கொடிய மாதம் என்று பொருள்படும் தலைப்பில், ஒரு சிறு கட்டுரை வெளியிட்டது. அதன் முதல் வாக்கியம், ஒஜிப்வே என்றும் அழைக்கப்படும் சிப்பெவா பழங்குடி மக்கள் கிச்சி கூமி என்று அழைத்த அந்த ஏரி தன்னிடம் வந்த பிணங்களைத் திருப்பித் தருவதில்லை என்ற ஐதீகத்தைச் சொல்கிறது. பாடலின் முதல் வரிகளையும் அந்த வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு கண்ணுக்குத் தெரியும், அதில் ஐயமில்லை. கட்டுரையில் கப்பலின் பெயர் ஓர் எழுத்துப் பிழையோடு அச்சாகியிருந்தது அவரை உறுத்தியது என்றும் பரவலாகச் சொல்வார்கள். இறந்தவர்களின் கப்பலுக்குப் பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லையே என்ற வருத்தம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அதையே முழுக் காரணமாக்கிவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

அந்த ஐதீகத்தைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. ஒஜிப்வே மொழியில் பெருநீர்ப் பரப்பைக் குறிக்கும் சொல் கிச்சிகமி. அதை கிச்சி கூமி என்று ஆங்கில வாசகர்களிடம் பரப்பியது அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ 1855-இல் வெளியிட்ட நெடுங்கவிதை. ஆகவே பாடலில் நாம் கேட்கும் வடிவம் பழங்குடியினரிடமிருந்து நேராக வந்ததன்று. கவிஞர் வழியாக இதழுக்கும், இதழ் வழியாகப் பாடகருக்கும் வந்தது. ஆனால் ஏரி பிணங்களைத் தருவதில்லை என்பது வெறும் அலங்காரமும் அன்று. சுப்பீரியரின் ஆழத்து நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கிறது. மற்ற நீர்நிலைகளில் இறந்த உடலுக்குள் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயுதான் உடலை மேலே மிதக்கச் செய்கிறது. அந்தக் குளிரில் நுண்ணுயிர்களால் பெருக முடியாது, எனவே உடல் அடியிலேயே தங்கிவிடும். அந்த ஏரியில் ஓடும் மாலுமிகளுக்கு இது ஐதீகம் அன்று, தொழிலில் தெரிந்துகொண்ட உண்மை.

கட்டுரையைப் படித்த கையோடு எழுதினார் என்பது ஏன் சரியல்ல என்றால், லைட்ஃபுட் தாமே வேறுவிதமாகச் சொல்லியிருக்கிறார். 2014-இல் ரசிகர்களின் கேள்விகளுக்கு எழுத்தில் பதிலளித்தபோது அவர் விளக்கியதன் சாரம் இது. இந்த விபத்து போதிய கவனம் பெறாமலே போய்விட்டது, இதழ்களில் வந்தவை எல்லாம் மிகச் சிறிய செய்திகள், அந்தக் கதையை விரித்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்காகப் பழைய நாளிதழ்களை எல்லாம் வாங்கி, நிகழ்வுகளைக் கால வரிசையில் அடுக்கிக்கொண்டு எழுதினார். அது எளிய வேலையாக இருக்கவில்லை என்றும் சொல்கிறார். பாடலின் அமைப்பே இதற்குச் சாட்சி. பல்லவி என்று எதுவும் கிடையாது. புறப்பட்டது, காற்று எழுந்தது, பிற்பகல் வந்தது, இரவு உணவு நேரம் வந்தது, ஏழு மணி ஆனது, விளக்குகள் மறைந்தன என்று நாட்குறிப்பைப் போல வரிசையாக நகர்கிறது. நாளிதழ்க் கத்தரிப்புகளை மேசையில் தேதிவாரியாகப் பரப்பி வைத்த ஒருவர் எழுதிய பாட்டு என்று தெரிந்த பிறகு, அந்த வரிசையை வேறுவிதமாகக் கேட்க முடிவதில்லை.

செய்தியிலிருந்து பாட்டுக் கட்டுவது அவருக்குப் புதிதும் அன்று. 1938-இல் ஒண்டாரியோவின் ஒரில்லியாவில் பிறந்து, சிறுவயதில் தேவாலயப் பாடற்குழுவில் பாடி வளர்ந்தவர் அவர். கனடாவின் ரயில் பாதை கட்டப்பட்ட வரலாற்றை அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் வேண்டுகோளுக்காக எழுதி 1967 புத்தாண்டு நாளில் பாடினார். 1967-இல் டெட்ராய்ட்டில் நடந்த கலவரத்தைப் பற்றி மறு ஆண்டே ஒரு பாடல் வெளியிட்டார். யார்மவுத் காசில் என்ற பயணிகள் கப்பல் 1965 நவம்பரில் மயாமியிலிருந்து நாசோவுக்குப் போகும் வழியில் தீப்பிடித்து 90 பேர் இறந்ததையும் பாடியிருந்தார், அது 1969-இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டில் இருக்கிறது. எனவே 1975 நவம்பரில் அவர் கப்பல் விபத்து ஒன்றைப் பாட்டாக எழுத உட்கார்ந்தது திடீர் எழுச்சி என்று சொல்ல முடியாது. அந்தக் கலையில் ஏற்கெனவே கை பழகியிருந்தது.

மெட்டு எங்கிருந்து வந்தது என்பதும் அந்த 2014 பதிலிலேயே இருக்கிறது. மூன்றரை வயதளவில் கேட்ட ஒரு பழைய ஐரிஷ் ஒப்பாரிதான் மூலம் என்கிறார். இது இசை என்று தமக்கு முதன்முதலாக உறைத்தவற்றுள் அதுவும் ஒன்று என்கிறார். அந்த மெட்டு சொற்களுக்கு முன்பே மனத்தில் இருந்தது, கப்பலின் கதை அதற்குள் வந்து அமர்ந்தது. இதைக் கிட்டாரில் வாசித்துப் பார்க்கும் எவருக்கும் ஒப்பாரித் தன்மை விளங்கும். மூன்று மூன்றாக அசையும் திஸ்ர நடை, அலையில் கப்பல் எழுந்து தாழ்வதைப் போலவே இருக்கும். முதன்மையான கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை, நாங்கள் பிடிக்கும் முறையில் காந்தாரம் ஒலிப்பதில்லை. மகிழ்ச்சியான மேஜரா சோகமான மைனரா என்று காதுக்குச் சொல்ல வேண்டிய அந்த ஒரு ஸ்வரம் இல்லாததால், பாடல் அழவும் செய்யாமல் ஆறுதல் சொல்லவும் செய்யாமல் திறந்தே கிடக்கிறது. ஆறரை நிமிடமும் அதே மெட்டுத்தான் திரும்பத் திரும்ப வருகிறது, நடுவில் மின்கிட்டார் மட்டும் காற்றைப் போலக் குறுக்கிடும். இந்த மெட்டு பிறகு அயர்லாந்துக்கே திரும்பிப் போனதையும் இங்கே சொல்ல வேண்டும். 1981-இல் உண்ணாநோன்பிருந்து இறந்த ஐரிஷ் போராளி பாபி சாண்ட்ஸ் சிறையில் எழுதிய, நாடு கடத்தப்படும் கைதிகளைப் பற்றிய கவிதை ஒன்று இதே மெட்டில் பாடப்படுகிறது. ஐரிஷ் பாடகர் கிறிஸ்டி மூர் 1984-இல் அதை இசைத்தட்டில் பாடினார். ஐரிஷ் பாடகர்கள் பலர் அதை ஊர்ச் சொத்தாகவே பாடுவதில் எனக்கு வியப்பில்லை.

ஒலிப்பதிவு டொரொண்டோவின் ஈஸ்டர்ன் சவுண்ட் கூடத்தில், கப்பல் மூழ்கிய சில மாதங்களுக்குள் நடந்தது. செய்திகளில் பிழை வந்துவிடுமோ என்று லைட்ஃபுட் பெரிதும் தயங்கினார் என்றும், கிட்டார் கலைஞர் டெரி கிளமென்ட்ஸ் தமக்குப் பிடித்த எழுத்தாளரான மார்க் ட்வெய்னைச் சுட்டிக்காட்டி, கதையை மட்டும் சொல்லுங்கள் என்று ஊக்கினார் என்றும் சொல்லப்படுகிறது. நாம் கேட்கும் பதிவு குழுவினர் முழுமையாக வாசித்த முதல் முறையே என்பதை டிரம்ஸ் வாசித்த பாரி கீன் சொல்லியிருக்கிறார். பாடலில் டிரம்ஸ் எவ்வளவு தாமதமாக உள்ளே வருகிறது என்பதைக் கவனியுங்கள். தாம் எப்போது தொடங்க வேண்டும் என்பதற்கு அவர் லைட்ஃபுட்டின் தலையசைப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தார். இந்தப் பாடல் இடம்பெற்ற 'சம்மர்டைம் டிரீம்' இசைத்தட்டு 1976 ஜூனில் வெளிவந்தது. பாடல் அந்த நவம்பரில் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்தையும் கனடாவில் முதல் இடத்தையும் எட்டியது.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். சரியாக இருப்பவை பல. சரக்கு 26,000 டன்னுக்குமேல் என்பது சரி. மறுநாள் காலை டெட்ராய்ட்டின் மாலுமிகள் தேவாலயத்தில் பாதிரியார் மணியை 29 முறை அடித்தார், அதுவும் சரி. இன்னும் 15 மைல் ஓடியிருந்தால் ஒயிட்ஃபிஷ் விரிகுடாவை அடைந்திருப்பார்கள் என்பதும் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. தவறாக இருப்பவை சில. கப்பல் கிளீவ்லாந்துக்குப் போவதாகப் பாடல் சொல்கிறது, சரக்கு உண்மையில் ஜக் தீவுக்குரியது. விஸ்கான்சினில் ஓர் ஆலையிலிருந்து வந்ததாகச் சொல்கிறது. கப்பல் வந்தது ஆலையிலிருந்து அன்று, தாது ஏற்றும் துறைமுக மேடையிலிருந்து. தேவாலயத்தின் பெயரும் பாட்டுக்காக மாற்றப்பட்டிருக்கிறது. இவை யாரையும் காயப்படுத்தாத பிழைகள், சந்தத்துக்காக எந்தக் கதைப்பாடகரும் செய்வதுதான்.

சமையற்காரர் பேசும் இரண்டு இடங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அலை மிகுந்ததால் உணவு பரிமாற முடியாது என்று அவர் முதலில் சொல்கிறார், பிறகு உங்களோடு பழகக் கிடைத்தது நல்லது என்று விடைபெறுகிறார். பிழைத்தவர் எவருமில்லாத கப்பலில் யார் என்ன பேசினார் என்பதற்குச் சாட்சி இருக்க வழியில்லை, அது முழுக்கக் கற்பனை. ஆனால் முதல் பகுதி எவ்வளவு பொருத்தமானது என்பதைக் கப்பலில் இருந்தவர்கள் சொல்வோம். கடல் கொந்தளிக்கும்போது மற்ற எல்லாரும் நாள் முழுக்க மறுத்துக்கொண்டிருக்கும் ஒன்றைக் காலையிலேயே ஒப்புக்கொள்பவர் சமையற்காரர்தான். அடுப்பில் பாத்திரம் நிற்காத நாளில் கப்பலின் சமையலறையில் விளக்கு அணையும், ரொட்டியும் முட்டையும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அப்போதுதான் கப்பலில் எல்லாருக்கும் நிலைமை புரியும். மரணத்தை நேராகக் காட்டாமல் சாப்பாடு நின்றுபோனதைக் காட்டிய அந்த முடிவை, கப்பலில் வாழ்ந்திராத ஒருவர் எடுத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

நான் நின்று பேச விரும்பும் இடம் அடுத்த வரி. 1976 பதிவில், மாலை ஏழு மணிக்கு முதன்மையான ஹேட்ச் ஒன்று உள்ளே சரிந்தது என்று பாடுகிறார். இந்த ஒரு வரியின் எடை கரையில் இருப்பவர்களுக்கு எளிதில் தெரியாது. ஃபிட்ஸ்ஜெரால்டில் 21 ஹேட்ச்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒற்றைத் துண்டான எஃகு மூடி, ஒவ்வொரு மூடியையும் சுற்றிலும் இறுக்க 68 கிளாம்ப்கள். மொத்தம் 1,428 கிளாம்ப்களை ஒவ்வொன்றாகக் கையால் மாட்ட வேண்டும். நான் வேலை பார்த்த கப்பல்களில் மூடிகள் ஹைட்ராலிக்கால் மூடிக்கொள்ளும், இருந்தும் கிளீட் எனப்படும் ஓரத்துப் பூட்டுகளைக் கையால்தான் இறுக்குவோம். சரக்கு ஏற்றி முடிந்ததும், டெக் பணியாளர்களின் தலைவரான போசனும் நானும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை டார்ச் அடித்துக்கொண்டு நடப்போம். ரப்பர் பட்டையின் மீது ஒரு பிடி தானியம் கிடந்தாலும் மூடி சரியாக அமராது, தண்ணீர் அதன் வழியே இறங்கும் என்பதால், விரலால் துடைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசிக் கிளீட்டை மாட்டிவிட்டு போசன் கையைத் தூக்கிக் காட்டுவார், நான் லாக் புத்தகத்தில் நேரத்தை எழுதிக் கையெழுத்திடுவேன். ஹேட்ச் போய்விட்டது என்று ஒரு பாட்டு சொன்னால், அந்தக் கையெழுத்துக்கும் தூக்கிக் காட்டிய அந்தக் கைக்கும் உரியவர்களைப் பற்றித்தான் அது பேசுகிறது.

இந்த வரிக்கு ஆதாரம் எவ்வளவு என்று பார்க்கலாம். பாடல் வெளிவந்தது 1976-இல். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விசாரணை அறிக்கை 1977 ஜூலையில்தான் வந்தது. சரிவர மூடப்படாத ஹேட்ச்களின் வழியே நீர் புகுந்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்று அது கூறியது. மூழ்கிக் கிடக்கும் கப்பலின் படங்களில் பல கிளாம்ப்கள் சேதமடையாமல் இருந்ததை வைத்து, அவை மாட்டப்படவே இல்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1978 மே மாதத்தில் வேறு விளக்கம் தந்தது. அதன்படி ஒன்றோ பலவோ மூடிகள் அலையின் எடை தாங்காமல் திடீரென நொறுங்கின. கப்பல் உரிமையாளர்களின் சங்கம் இரண்டையும் மறுத்து, காரிபூ தீவருகே ஆழமற்ற திட்டில் அடிப்பகுதி உரசியதே மூலம் என்றது. ராட்சத அலை என்றும், நடுவில் முறிந்தது என்றும் பிறகு வாதங்கள் எழுந்தன. இன்றுவரை இதில் ஒருமித்த முடிவு கிடையாது. ஆகவே 1976-இல் அந்த வரி அன்றைய ஊகம் ஒன்றை நடந்த உண்மைபோலச் சொன்னது என்பதே சரியான மதிப்பீடு. நேரக் கணக்கும் அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஏழு மணிக்கு ஹேட்ச் சரிந்திருந்தால், 7:10-க்கு அந்தக் கேப்டன் சமாளிக்கிறோம் என்று சொல்லியிருக்க மாட்டார்.

மாலுமிகள் மேல் விழும் பழியைப் பற்றிப் பேசும்போது மற்றொரு கணக்கையும் வைக்காமல் இருக்க முடியவில்லை. 1969, 1971, 1973 ஆகிய ஆண்டுகளில் விதிகள் தளர்த்தப்பட்டு, இந்தக் கப்பல் முதலில் வடிவமைக்கப்பட்டதைவிட மொத்தம் 3 அடி 3¼ அங்குலம் கூடுதலாக நீரில் அமிழ்ந்து ஓட அனுமதி பெற்றிருந்தது. டெக்குக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள உயரம் அந்த அளவுக்குக் குறைந்தது என்று பொருள். நவம்பர்ப் புயலில் அந்த மூன்று அடி என்பது, அலை டெக்கின் மேல் தெறிப்பதற்கும் டெக்கின் மேலேயே நடந்து போவதற்கும் உள்ள வேறுபாடு. கிளாம்ப் மாட்டாத கையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இந்த முடிவை எடுத்த மேசைகளை விட்டுவிடுவது நியாயம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

லைட்ஃபுட்டுக்கும் அந்த வரி பாரமாகவே இருந்திருக்கிறது. இறந்தவர்களின் குடும்பத்தார் பலரோடு அவர் பல ஆண்டுகள் தொடர்பில் இருந்தார். அந்தக் குடும்பங்களில் ஹேட்ச் வேலையைப் பார்த்த இளைஞர்களின் உறவினர்களும் உண்டு. 2010-இல் கனடியத் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று, ஹேட்ச்களைச் சரியாக மூடாததால் கப்பல் மூழ்கவில்லை, பேரலை ஒன்றே அதை முறித்திருக்கலாம் என்று வாதிட்டது. அதைப் பார்த்த பிறகு, கச்சேரிகளில் அந்த வரியை விட்டுவிட்டு, ஏழு மணிக்கு இருட்டிவிட்டது, அப்போதுதான் சமையற்காரர் சொன்னார் என்று மாற்றிப் பாடத் தொடங்கினார். பதிவுரிமை பெற்ற மூலச் சொற்கள் அப்படியே இருக்கும், மேடையில் மட்டும் மாற்றிப் பாடுவேன் என்றும் தெளிவாகச் சொன்னார். கடிகாரக் கணக்குப் பார்த்தால் புதிய வரியும் துல்லியமானதன்று. நவம்பர் 10 அன்று அந்த அட்சரேகையில் சூரியன் ஐந்து மணியளவிலேயே மறைந்துவிடும், ஏழு மணிக்கு நெடுநேரமாக இருட்டாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த வரி யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஒரு சீஃப் ஆபீசராக இருந்தவன் என்ற முறையில், எது சரியான வரி என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

இதற்கு முன்பே செய்த ஒரு சிறு திருத்தமும் உண்டு. மணி அடிக்கப்பட்ட இடத்தைப் பாடலில் புழுங்கல் நாற்றம் வீசும் பழைய கூடம் என்று வருணித்திருந்தார். 1849-இல் கட்டப்பட்ட அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்த ஒருவர், எங்கள் ஆலயம் அப்படி இல்லையே என்று அவரிடம் சொன்னார். லைட்ஃபுட் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, எளிமையான நாட்டுப்புறக் கூடம் என்று பொருள்படும் சொல்லை வைத்துப் பாடினார். 2023 மே 1 அன்று அவர் காலமானபோது, அதே ஆலயத்தில் மறுநாள் மணியை 30 முறை அடித்தார்கள். 29 கப்பலில் இருந்தவர்களுக்கு, ஒன்று அவருக்கு.

கப்பலின் சொந்த மணி 1995 ஜூலை 4 அன்று ஏரியின் அடியிலிருந்து எடுக்கப்பட்டு, இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த வேறொரு மணி அங்கே வைக்கப்பட்டது. மூல மணி ஒயிட்ஃபிஷ் முனையிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் பாருங்கள். பாடலைப் பொறுத்தவரை, 1976 பதிவை முதலில் கேளுங்கள், பிறகு 2010-க்குப் பிந்தைய கச்சேரிப் பதிவு ஒன்றைத் தேடிக் கேளுங்கள். குரல் மெலிந்திருக்கும், மூச்சு குறைந்திருக்கும். ஏழு மணி என்ற சொல் வரும் இடத்தில் இரண்டையும் நிறுத்தி, அடுத்து வரும் ஐந்தாறு சொற்களை ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் கொடுத்த பதில் அந்த இடத்தில் இருக்கிறது.